கடந்த ஆறு மாதத்தில் யாரிடம் பேசினீர்கள்?

காயல்பட்டினம்
14 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனை எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதெல்லாம் நீல டிக்கோடு அப்படியே நிற்கிறது. அதனால்தான் இந்த மின்னஞ்சல். இதையும் படித்துவிட்டுச் சும்மா இருந்தீர்கள் என்றால் நேராக உங்கள் ராத்தா வீட்டுக்குப் போய் முறையிடுவேன். இங்கே உம்மா கேட்கத் தொடங்கியாயிற்று. "மாப்புளை ஏன் போனே பண்ண மாட்டேங்குறாஹ? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்கிறார். சவூதியில் வேலை அதிகம் என்று புளுகி வைத்திருக்கிறேன்.

அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியதுதான் வினையாகிவிட்டது. பெருமை தாங்காமல் அனுப்பினேன். தூத்துக்குடிக் கல்லூரியில் எங்களுக்குச் சமூக வலைப்பின்னல் பகுப்பாய்வு எடுக்கும் ஜெப்ஸி மேடம் முதல் வாரமே சொல்லிவிட்டார், ஊரை அளக்கப் போகிறவர் முதலில் தன்னை அளந்துகொள்ள வேண்டும் என்று. ஒரே கேள்விதான். கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு முக்கியமான விஷயங்களை யாரிடமெல்லாம் பேசினீர்கள்? அதிகம் யோசிக்காமல், மனதில் வருகிற வரிசையில் பெயர்களை எழுத வேண்டும். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. நடுவில் நான். என்னிடமிருந்து அவர்களுக்குக் கோடு. அவர்களுக்குள் பழக்கம் இருந்தால் அங்கேயும் ஒரு கோடு. அவ்வளவுதான் படம்.

எனக்கு ஐந்து புள்ளி வந்தது. அஃபீஃபா ராத்தா, உம்மா, ஜெப்ஸி மேடம், கூடப் படிக்கும் சுடலைச்செல்வி, ஆட்டோ தாணுலிங்கம் அண்ணாச்சி. வகுப்பிலேயே என் படம்தான் ஒழுங்கு என்று மேடம் பாராட்டினார். மற்றவர்கள் அம்மா, அப்பா, வீட்டுக்காரர் என்று கடமைக்கு எழுதியிருந்தார்கள். நான் மனதில் வந்ததை எழுதியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் அப்படியே உங்களுக்குத் தட்டிவிட்டேன். அனுப்பி முடித்த பிறகுதான் அதில் நீங்கள் இல்லை என்பது எனக்கே உறைத்தது.

நம்புங்கள், வேண்டுமென்று விடவில்லை. கேள்வியைப் படித்ததும் வந்த முகங்கள் அவை. நாம் தினமும்தான் பேசுகிறோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்கே வெயிலா, வெயில்தான், சரி வைக்கட்டா. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள். கணக்கர் நீங்கள்தானே.

அடுத்த மாதம் களப்பணி ஆரம்பம். போன டிசம்பர் வெள்ளத்தில், புருஷன்மார் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெண்கள் யாரைத் தேடிப் போனார்கள், யார் வந்தார்கள் என்பதுதான் என் ஆய்வு. எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

திட்டுவதாக இருந்தாலும் பதிலில் திட்டுங்கள்.

நஜ்லா

*

தம்மாம்
22 ஜூலை 2024

நஜ்லாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

ஆட்டோ தாணுலிங்கம் அண்ணாச்சிக்கு என் சலாமைச் சொல். கொடுத்து வைத்தவர்.

உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஓரத்தில் எங்கேயாவது சின்ன எழுத்தில் இருப்பேனோ என்று. இல்லை. பக்கத்துக் கட்டில் பாஸ்கல் எட்டிப் பார்த்துவிட்டான். தூத்துக்குடிக்காரனுக்குச் சொல்லவா வேண்டும். "ஏலே அஃப்ஸலு, ஆட்டோக்காரரு உன்னைய ஓவர்டேக் பண்ணிட்டுப் போயிட்டாரேலே" என்று அறை அதிரச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கல்யாணமாகி நாலு வருடம். அதில் உன்னோடு இருந்தது இரண்டு லீவு. எங்கள் உம்மா வீடு என்கூடப் பிறந்த ராத்தாவுக்கு என்றாகிவிட்டது. உங்கள் உம்மா வீடு உனக்கும் அஃபீஃபாவுக்கும். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்துவிட வேண்டும், அது நம் ஊர் வழக்கம். வந்தேன். எனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், மீனில் நடுத்துண்டு. நான் கூடத்துக்கு வந்தால் உன் உம்மா பேச்சை நிறுத்தி முக்காட்டைச் சரி செய்வார்கள். சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டே லீவு முடிந்துவிடும். காயல்பட்டினத்தில் ஆண்பிள்ளைக்குக் கட்டில் உண்டு, வீடு கிடையாது. இங்கேயும் ஒரு கட்டில்தான். உன் படத்திலாவது ஒரு புள்ளி கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

நீ இணைத்திருந்த பாடக்குறிப்புகளை எல்லாம் வாசித்தேன். ஒரு புள்ளிக்கு எத்தனை கோடு வருகிறதோ அவ்வளவு அதன் மதிப்பு என்று போட்டிருக்கிறது. எனக்கு உன் படத்தில் பூஜ்யம். கணக்கருக்குப் பூஜ்யத்தின் அருமை நன்றாகவே தெரியும்.

ஒன்று மட்டும் சொல். தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் அப்படி என்ன முக்கியமான விஷயம் பேசினாய்?

இங்கே வேலை தலைக்கு மேல். அரையாண்டுக் கணக்கு முடிக்கும் நேரம்.

அஃப்ஸல்

*

காயல்பட்டினம்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன்.

பிப்ரவரியில் எனக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பதறாதீர்கள், இப்போது ஒன்றுமில்லை. அஃபீஃபா ராத்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்க் காட்டினேன். ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர நாளாகும் என்றார்கள். திரும்பி வரும்போது பஸ் பழையகாயல் பாலத்தில் நின்றது. அங்கேயிருந்து உங்களுக்குப் போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன், சாயங்காலம் பேசுதேன்" என்றீர்கள். சாயங்காலம் பேசவும் செய்தீர்கள். சாப்பிட்டியா என்றீர்கள். சாப்பிட்டேன் என்றேன்.

இரண்டுக்கும் நடுவில்தான் தாணுலிங்கம் அண்ணாச்சி வருகிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் ஆட்டோவில் ஏறினேன். ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் கண்ணாடியில் பார்த்தார். நம் தெரு முக்கு வந்ததும் வண்டியைத் திருப்பினார். "ஏம்மா, இந்த முகத்தோட போனா உங்க உம்மா பயந்துருவாவ. கடக்கரைக்கு ஒரு ரவுண்டு அடிச்சிட்டுப் போவோம்" என்றார். கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் இறங்கித் தள்ளிப்போய் நின்றுகொண்டார். நானாகத்தான் கூப்பிட்டுச் சொன்னேன். அவருடைய மனைவிக்கும் இப்படி ஒன்று வந்து ஒன்றுமில்லை என்று ஆனதாம். நிஜமோ, எனக்காகச் சொன்னதோ. அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

முடிவு நல்லபடியாக வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி. உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் போன் வரும், சாப்பிட்டியா வரும், சொல்ல வந்தது உள்ளே போய்விடும். பயந்தபோது சொல்லாததைப் பயம் போன பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது மச்சான். இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாடத்தை அரைகுறையாக வாசித்தால் அப்படித்தான் வரும். கோடுகளுக்கு அம்பு உண்டு. நான் உங்களை எழுதாதது என் அம்பு. நீங்கள் என்னை எழுதுவீர்களா என்பது தனி அம்பு. ஒரு பக்கம் இருந்தால் மறுபக்கமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்று மேடம் அடித்துச் சொல்வார். ஆகவே உங்களையும் கேட்கிறேன். கேள்வித்தாளை இதனோடு வைத்திருக்கிறேன். விதி ஒன்றுதான். கடமைக்கு எழுதக் கூடாது.

நஜ்லா

*

தம்மாம்
19 ஆகஸ்ட் 2024

நஜ்லா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு மூன்று முறை போனைக் கையில் எடுத்தேன். எடுத்தால் சாப்பிட்டியா என்றுதான் வாயில் வரும் என்று பயமாக இருந்தது. வைத்துவிட்டேன்.

அந்த மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. நீ பாலத்தில் நின்ற பஸ்ஸிலிருந்து கூப்பிட்டது மட்டும் இனி மறக்காது. பின்னால் லாரிச் சத்தம் கேட்டது. எங்கே இருக்கே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அண்ணாச்சியைப் பற்றிக் கிண்டலாக எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தச் சலாம் இனிமேல் நிஜமான சலாம்.

கேள்வித்தாளை நிரப்பினேன். முதலில் உன் பெயரைத்தான் எழுதினேன். பிறகு விதி ஞாபகம் வந்தது. ஆறு மாதத்தில் உன்னிடம் முக்கியமாக என்ன பேசினேன் என்று தேடிப் பார்த்தேன். பாஸ்போர்ட் நகல் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டிருக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை. உன் பெயரை அடித்தேன். அடிக்கும்போது கை வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்சம் ஒரே ஒரு பெயர். பாஸ்கல். அவனும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறான் என்பதால்தான். அவனிடம் என்ன பேசினாய் என்று நீ கேட்பாய். பொதுவாகப் பேசியதுதான். நெத்திலிக் கருவாடு, அறையின் ஏசி, எவன் ஊருக்குப் போகிறான், எவன் வருகிறான்.

என் படம் ரொம்பச் சுலபம். இரண்டு புள்ளி, ஒரு கோடு. உன் மேடம் இதற்கும் ஏதாவது பெயர் வைத்திருப்பார்.

களப்பணி எப்படிப் போகிறது? விவரமாக எழுது. மத்தியானத்தில் படிக்க நேரம் இருக்கிறது.

அஃப்ஸல்

*

காயல்பட்டினம்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

களப்பணி நன்றாகப் போகிறது என்று போன வாரம் வரை எழுதியிருப்பேன்.

முறை இதுதான். ஒரு பெண்ணிடம் போகிறேன். வெள்ளத்தில் யார் வீட்டு மாடிக்கு ஏறினீர்கள், யார் அரிசி கொடுத்தார்கள், வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு யார் மூலமாகச் சேதி போனது என்று கேட்கிறேன். அவர் சொல்கிற பெயர்களிடம் அடுத்துப் போகிறேன். அவர்கள் சொல்கிறவர்களிடம் அதற்கடுத்து. நம் தெருவில் தொடங்கிய கோடு ஆறுமுகநேரி தாண்டித் தூத்துக்குடிக் கடலோரத்துக்கே போய்விட்டது. ஏரலில் ஒரு வீடு, தெரேஸ்புரத்தில் சில வீடுகள். எல்லாப் பெயரையும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு எழுதுவோம். இவர் அவரைச் சொன்னால் ஒன்று, சொல்லாவிட்டால் பூஜ்யம். அதைக் கணினியில் கொடுத்தால் புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டும் தள்ளிக்கொண்டும் தாமாகவே இடம் பிடித்து உட்காரும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பாடத்தில் ஒன்று படித்தோம். நெருக்கமானவர்களிடமிருந்து புதுச் செய்தி அதிகம் வராதாம். அவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். பழக்கமே இல்லாத, தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடமிருந்துதான் புதுச் செய்தி வரும். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினேன். இப்போது பட்டு அறிந்துகொண்டேன்.

ஒரு பேட்டி. யார், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். பேட்டியில் கேட்டதை வெளியே விடமாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவே வேறு யாரைப் பற்றியோ இரக்கப்பட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். நான் யார் என்பது அவருக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

ஜெப்ஸி மேடத்திடம் பெயரில்லாமல் கேட்டுப் பார்த்தேன். "கேட்டது உன் காதோட நிக்கணும் நஜ்லா. இல்லாட்டி நாளைக்கு ஒரு பொம்பளை நம்மகிட்ட வாயத் திறக்கமாட்டா" என்றார். சரிதான். அதனால் நான் எதையும் சொல்லப் போவதில்லை. கேட்க மட்டும் செய்கிறேன். கேட்பதற்குத் தடையில்லை.

உங்கள் வேலை எப்படி இருக்கிறது மச்சான்?

ஆபீஸில் எல்லாம் சரியாக இருக்கிறதா? என்னிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா? எதுவாக இருந்தாலும் சொல்லலாம். எனக்குக் கட்டி வந்தபோது நான் செய்ததையே நீங்களும் செய்யாதீர்கள்.

நஜ்லா

*

தம்மாம்
18 செப்டம்பர் 2024

நஜ்லா,

வேலை நன்றாக இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். எப்போதும் போலத்தான்.

படிப்பைப் பார். உடம்பைப் பார்த்துக்கொள்.

அஃப்ஸல்

*

காயல்பட்டினம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்து பல நாளாகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைத்தான் நம்பியாக வேண்டும்.

அந்தப் பேட்டியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டேன். எனக்கும் அதில் சம்பந்தம் இருக்கிறது, அதனால் நேர்மையாக எழுத முடியாது என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் எடுத்துவிட்டுப் பார்த்தால் படம் இரண்டாகப் பிளந்துவிட்டது. இரண்டு ஊரிலும் பழக்கம் உள்ள ஒரே ஆள் அந்தப் பெண்தான். அவர் போனதும் காயல் புள்ளிகள் ஒரு பக்கமும் தூத்துக்குடிப் புள்ளிகள் இன்னொரு பக்கமுமாக ஒதுங்கிவிட்டன. நடுவில் வெறும் வெள்ளைத் திரை. ஆறு வார உழைப்பு. அவர் ஒருவரால்தான் எல்லாம் சேர்ந்து நின்றது என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

மச்சான், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறோம் பாருங்கள். உம்மா, ராத்தா, ராத்தாவின் பிள்ளைகள். மூச்சு விட இடமில்லை. ஆனாலும் சாயங்காலம் ராத்தாவுக்கு அவர் வீட்டுக்காரரிடமிருந்து வீடியோ அழைப்பு வரும்போது நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன். துணி காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இதையும் உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. தனியாக இருக்கிறது.

உங்களை அவசரப்படுத்தவில்லை. நான் கேட்டது கேட்டபடியே இருக்கிறது.

நஜ்லா

*

காயல்பட்டினம்
3 நவம்பர் 2024

நஜ்லா,

மேலே ஊர்ப் பெயரைத் தப்பாகப் போடவில்லை. என் ராத்தா வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் மாறி மாறி வந்தேன்.

வேலை மே மாதமே போய்விட்டது. கம்பெனி தம்மாம் கிளையை மூடிவிட்டது. என்னைத் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரையும்தான் அனுப்பினார்கள். நீ படத்தை அனுப்பியபோது நான் அறையில் படுத்துக் கிடந்தேன். அரையாண்டுக் கணக்கும் இல்லை, ஒரு கணக்கும் இல்லை. உன் பாடக்குறிப்புகளை வாசிக்கத்தான் நாள் முழுக்க நேரம் இருந்ததே. வேறு வேலை கிடைத்ததும் இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கிடைக்கவில்லை. விசா முடிந்தது. புறப்பட்டுவிட்டேன்.

ஆறு மாதத்தில் யாரிடம் சொன்னாய் என்றால் பாஸ்கலிடம்தான். அவன் தூத்துக்குடியில் இருக்கும் தன் மனைவி ரீனாவிடம் சொல்லியிருக்கிறான். ரீனாவிடம் காயலிலிருந்து ஒரு பெண் வந்து வெள்ளத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுவிட்டுப் போனாள் என்று போன மாதம் அவன் பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு மண்டையில் அடித்தது போல் இருந்தது. நீ பாடம் நடத்தியபடியே ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். என்னிடமிருந்து பாஸ்கலுக்கு ஓர் அம்பு. அவனிடமிருந்து ரீனாவுக்கு. ரீனாவிடமிருந்து உனக்கு. தெரிந்துகொண்டேதான் நீ வேலை எப்படி என்று கேட்டிருக்கிறாய். தெரிந்துகொண்டேதான் என் பொய்யையும் வாங்கி வைத்துக்கொண்டாய். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் உன் வீட்டுக்குத்தான் நடந்தேன். தெரு முக்கு வரை வந்தேன். உன் வீட்டுக்குள் நான் எப்போதும் பெட்டியோடுதான் நுழைந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு மிட்டாய், உம்மாவுக்குத் தைலம், உனக்கு அத்தர். எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறப்பார்கள். இந்தத் தடவை தோளில் ஒரு பை மட்டும்தான். வேலையில்லாத மாப்பிள்ளை அந்தக் கூடத்தில் எந்த முகத்தோடு உட்காருவான்? உன் உம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், தெரியும். அதே தட்டில் அதே நடுத்துண்டை வைப்பார்கள். அதுதான் என்னால் முடியாது. கால் தானாக ராத்தா வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.

அடுத்த வாரம் சென்னைக்குப் போகிறேன். மண்ணடியில் ஒரு கடையில் கணக்கு எழுத ஆள் தேடுகிறார்களாம். ஒரு நிலைக்கு வந்ததும் முறையாக உன் வீட்டுக்கு வருகிறேன். அதுவரை நான் இன்னும் தம்மாமில்தான் இருக்கிறேன் என்று வைத்துக்கொள். ஊர் சொல்லி நீ கேட்கக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அஃப்ஸல்

*

காயல்பட்டினம்
4 நவம்பர் 2024

மச்சான்,

ஊர் சொல்லி நான் கேட்கக் கூடாதாம். நீங்கள் இறங்கிய மறுநாள் காலையிலேயே தெரியும். மீன் கொண்டு வருகிற அக்கா வாசலில் கூடையை இறக்கும் முன்னமே சொல்லிவிட்டார், "ஒங்க வீட்டுக்காரவுக மெலிஞ்சு போயிட்டாவளே" என்று. உம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது போல நான் சாளையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை முழுக்க வாசல் பக்கமே என் காது கிடந்தது. ஒவ்வொரு காலடிக்கும் எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. தம்மாமில் நீங்கள் இருந்தபோதுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு இதைச் செய்தீர்களே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

ஆனால் எழுதினீர்கள். பாஸ்கலுக்குச் சொன்னதை எனக்கும் சொன்னீர்கள். உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை அஃபீஃபா ராத்தாவிடம் படித்துக் காட்டினேன். கோபப்படாதீர்கள், எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. நடுத்துண்டு வந்த இடத்தில் ராத்தா சிரித்துவிட்டார். அவர் வீட்டுக்காரரும் அதையேதான் சொல்வாராம். வீட்டுக்கு வீடு இந்த மாப்பிள்ளைகள் நடுத்துண்டைத் தின்றுகொண்டு உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

தம்மாமில் இருப்பதாக வைத்துக்கொள் என்கிறீர்கள். வைத்துக்கொள்ள முடியாது. மண்ணடிக்குப் போக வேண்டுமா, போங்கள். வேலை கிடைக்கட்டும், கிடைக்காமலும் போகட்டும். என்னைப் பார்க்காமல் போகக் கூடாது. நான் கட்டிக்கொண்டது பெட்டியை இல்லை. உங்கள் வேலை போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வருத்தம் இருக்கிறது, பயமும் இருக்கிறது. அதை உங்களோடு உட்கார்ந்து பட வேண்டும். கொல்லையில் துணியைத் தொட்டுக்கொண்டு படமாட்டேன்.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஆம்புளையப் போய்க் கூட்டிட்டு வர்றது நம்ம குடும்பத்துல கிடையாது" என்றார். கிடையாதுதான். ஆனாலும் வருகிறேன். இன்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுக் கிளம்புவேன். பெண்கள் நடக்கிற பின்முடுக்கு வழியாக ஒளிந்து ஒளிந்து வரமாட்டேன். எல்லார் வாசலும் பார்க்கத் தெரு வழியாகவே வருகிறேன்.

நீங்கள் என்னோடு புறப்பட்டு வந்தால் வாருங்கள். வர மனம் இல்லை என்றால் வற்புறுத்தமாட்டேன். நான் அங்கேயே இருந்துவிடுகிறேன். கல்யாணமான பெண் புருஷன் வீட்டில் போய்க் குடியிருந்ததை நம் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கட்டும். உங்கள் ராத்தாவிடம் எனக்கும் ஒரு தலையணை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நஜ்லா